லாய் யாங் பி: 2047 வரை ஓட்டுவதா, விற்றுவிடுவதா, 2035இல் நிறுத்துவதா?

சிங்கப்பூர் எரிசக்தி நிறுவனமான செம்ப்கார்ப்பின் பங்குகளைச் சில நூறு வைத்திருக்கும் சிங்கப்பூரர்களுள் நானும் ஒருவன். கடனையும் சேர்த்துச் சுமார் 6.5 பில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளி (டாலர்) மதிப்பில் அலிண்டா என்னும் ஆஸ்திரேலிய மின் நிறுவனத்தை வாங்கப்போவதாக அது 2025 டிசம்பரில் அறிவித்த நாளிலிருந்து, தேக்காவில் சந்திக்கும் பழைய நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இந்திய நிலக்கரி நிலையங்களை விற்றுவிட்டு வெளியே வந்த நிறுவனம், மூன்றாண்டு கழிவதற்குள் ஆஸ்திரேலிய நிலக்கரியில் கால் வைக்கலாமா என்பதே அது. நியாயமான கேள்விதான். ஆனால் வாங்குவது சரியா தவறா என்று திண்ணைப் பேச்சாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட, அலிண்டாவோடு கூடவே வரும் லாய் யாங் பி அனல்மின் நிலையத்தை என்ன செய்வது என்று கேட்பது பயனுள்ளது. முப்பதாண்டுகளைக் கொதிகலன் பிரிவில் கழித்தவன் என்ற முறையில், என் கண்ணுக்குத் தெரியும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

மெல்பர்னுக்குக் கிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டரில், லட்ரோப் பள்ளத்தாக்கில், ட்ரரால்கன் நகரத்துக்குத் தெற்கே இந்த நிலையம் இருக்கிறது. விக்டோரியா மாநில மின்சார ஆணையம் போட்ட முதல் திட்டத்தில் லாய் யாங் என்பது எட்டு மின்னாக்க அலகுகள் கொண்ட ஒரே பெருநிலையம்: ஏ பிரிவில் நான்கு, பி பிரிவில் நான்கு, ஒவ்வொன்றும் 500 மெகாவாட், மொத்தம் 4,000 மெகாவாட். ஏ பிரிவின் நான்கு அலகுகளும் 1980களில் எழும்பின. பி பிரிவின் முதல் அலகு 1993இலும் இரண்டாவது 1996இலும் ஓடத் தொடங்கின. மூன்றாவதும் நான்காவதும் கட்டப்படவே இல்லை. ஆணையம் எதிர்பார்த்த வேகத்தில் மின்தேவை வளரவில்லை, கடன் கழுத்தை நெரித்தது, பிறகு மாநிலம் மின்துறை முழுவதையும் தனியாருக்கு விற்கத் தொடங்கியது.

கைவிடப்பட்ட அந்த இரண்டு அலகுகளைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இன்றைய முடிவை இறுக்கிப் பிடித்திருப்பது அவைதான். லாய் யாங்கில் சுரங்கம் ஒன்றே ஒன்று. அது பி நிலையத்துக்குச் சொந்தமானதன்று. ஏ நிலையத்தை நடத்தும் ஏஜிஎல் நிறுவனத்துடையது. அந்தச் சுரங்கத்திலிருந்து நீண்டகால ஒப்பந்தத்தின்படி கன்வேயரில் வரும் கரியை எரித்துத்தான் பி நிலையம் பிழைக்கிறது. நான்கு அலகுகளும் கட்டப்பட்டிருந்தால் பி நிலையம் சுரங்கத்தின் பாதிக் கரியை எடுத்துக்கொள்ளும் சமபங்காளியாக இருந்திருக்கும். இரண்டோடு நின்றதால் அது மூன்றில் ஒரு பங்கு எடுக்கும் வாடிக்கையாளராகவே இருந்துவிட்டது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

நான் அந்தப் பக்கம் ஒரே ஒருமுறை போயிருக்கிறேன், மெல்பர்னில் இருக்கும் தங்கை வீட்டுக்குச் சென்றபோது. தங்கை மகனின் பள்ளிப் பொருள்களுக்கு நடுவே, கண்ணாடிப் புட்டியில், பழுப்பு நிலக்கரித் துண்டு ஒன்று இருந்தது. எடுத்துக் கையில் வைத்தால் கரி என்றே தோன்றவில்லை. காய்ந்து போகாத எருவைப்போல் மெத்தென்றிருந்தது, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது, உடைந்த இடத்தில் மரத்தின் நார்கூடத் தெரிந்தது. லட்ரோப் கரியின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். கொதிகலனுக்குள் போகும் ஒவ்வொரு டன்னிலும் முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து விரட்டிவிட்டுத்தான் எஞ்சியதை எரிக்க வேண்டும். நெய்வேலிக் கரியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. அதைவிடவும் ஈரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டால் போதும். காயவைத்துக் குவித்தால் தானே தீப்பற்றும் இயல்புடையது என்பதால் கப்பலேற்றி விற்கவும் முடியாது. தோண்டிய இடத்திலேயே எரித்தாக வேண்டும்.

இதன் விளைவு புகைபோக்கியில் தெரிகிறது. லாய் யாங் பி ஒரு மெகாவாட் மணி (ஆயிரம் யூனிட்) மின்சாரத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. ஏறத்தாழ முழுவதும் இயற்கை எரிவாயுவில் ஓடும் நம் மின்கட்டமைப்பில் அது 0.4 டன் அளவுதான். மாதம் 350 யூனிட் செலவாகும் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை எடுத்துக்கொண்டால், நம் மின்சாரத்தில் 140 கிலோ, லாய் யாங் மின்சாரத்தில் 350 கிலோவுக்கும் மேல். ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் அந்த ஒரு நிலையத்தின் வெளியேற்றம் சுமார் 9 மில்லியன் டன்னைத் தொடும். சிங்கப்பூர் முழுவதும் ஆண்டொன்றுக்கு வெளியேற்றுவதில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு.

முதல் வழி, எதையும் மாற்றாமல் 2047 வரை ஓட்டுவது. நிலையத்தின் ஆயுள் முடிவாக இதுவரை சொல்லப்பட்டுவந்த ஆண்டு அதுதான். பங்குதாரருக்கு இதைவிட இனிப்பான வழி இல்லை என்று முதல் பார்வையில் தோன்றும். எரிபொருள் மலிவு, உலகச் சந்தையில் நிலக்கரி விலை எவ்வளவு ஏறினாலும் கன்வேயரில் வரும் இந்தக் கரிக்கு அது தெரியாது. விக்டோரியாவின் மின்தேவையில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவை இந்த ஒரு நிலையம் தருகிறது. கரிமத்துக்கு விலையும் இல்லை. 2012 ஜூலையில் டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய வெள்ளியில் தொடங்கிய கரிம விலையை அந்நாட்டு நாடாளுமன்றம் 2014இல் நீக்கிவிட்டது. பிறகு வந்த பெருந்தொழிற்சாலைக் கட்டுப்பாடும் மின் நிலையங்களைத் தனித்தனியாகப் பிடிப்பதில்லை. இதே நிலையம் ஜூரோங் தீவில் இருந்திருந்தால், 2026ஆம் ஆண்டின் டன்னுக்கு 45 வெள்ளிக் கரிம வரியில், ஆண்டுக்கு 400 மில்லியன் வெள்ளி கட்டியிருக்கும். அந்தச் செலவு அங்கே இல்லை என்பதால்தான் கணக்கு இலாபத்தில் நிற்கிறது. இருபதாண்டுக்கும் மேல் எந்த அரசும் அதை மீண்டும் கொண்டுவராது என்று பந்தயம் கட்டினால்தான் 2047 என்ற ஆண்டுக்கு மதிப்பு.

ஆனால் இந்த வழியை உள்ளிருந்து அரிப்பவை வேறு. விக்டோரியாவில் வீட்டுக்கூரைச் சூரியத் தகடுகள் பெருகிவிட்டதால், வெயிலடிக்கும் நண்பகல்களில் மொத்தச் சந்தையில் மின்விலை சுழியத்துக்குக் கீழே போவது வழக்கமாகிவிட்டது. அதாவது, மின்சாரத்தைக் கொடுப்பவர்தான் காசும் கொடுக்க வேண்டும். எரிவாயுச் சுழலியை அந்த நேரத்தில் நிறுத்தி வைத்துவிட்டு மாலையில் ஓட்டலாம். பழுப்பு நிலக்கரிக் கொதிகலனை அப்படிச் செய்ய முடியாது. அது ஒரு பெரிய கல்யாண அடுப்பைப்போல. தணித்து வைக்கலாம், அணைத்து அணைத்து மூட்ட முடியாது. தணிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே போனால் தீ நிலைகொள்ளாது. ஒவ்வொரு நாளும் ஏற்றி இறக்கினால் குழாய்களின் உலோகம் விரிந்து சுருங்கிச் சோர்ந்துபோகும். எந்நேரமும் ஒரே சுமையில் ஓடுவதற்காக வடிவமைத்த கொதிகலனை நாளுக்கு இருமுறை ஆட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க எனக்கு எந்த ஆய்வறிக்கையும் தேவையில்லை. வெல்டிங் ஒட்டுப்போட்ட குழாய்களின் எண்ணிக்கையே சொல்லும்.

2047இல் முதல் அலகுக்கு வயது 54 ஆகியிருக்கும். அத்தனை ஆண்டு ஓட்ட முடியாதா என்றால் முடியும். சோவியத் உதவியோடு 1962இல் ஓடத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 2020 வரை ஓடியது. ஆனால் அதே நெய்வேலியில், அதைவிட இளைய இரண்டாம் அனல்மின் நிலையத்தில், 2020 மே மாதத்திலும் ஜூலையிலும் கொதிகலன் பகுதியில் நிகழ்ந்த விபத்துகளில் தொழிலாளர் பலர் மாண்டார்கள். ஓட்ட முடியும் என்பது ஒன்று. ஓட்டுவதற்குத் தொடர்ந்து செலவிட்டாக வேண்டும் என்பது இன்னொன்று. மூடும் நாள் தெரியாத நிலையத்தில் அந்தச் செலவை யாரும் முழு மனத்தோடு செய்வதில்லை.

இவை எல்லாவற்றையும் தாண்டினாலும் சுரங்கம் குறுக்கே நிற்கிறது. லாய் யாங் ஏ நிலையத்தை 2045 வரை ஓட்டுவதாகச் சொல்லிவந்த ஏஜிஎல், 2022 செப்டம்பரில் அதை 2035க்கு முன்தள்ளியது. ஏ நிலையம் மூடிய மறுநாள், சுரங்கக் கரியில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவந்த வாடிக்கையாளர் போய்விடுவார். தோண்டும் எந்திரங்கள், நீர் இறைப்பு, தீத்தடுப்பு, சுரங்கச் சரிவுகளைத் தாங்கிப் பிடிக்கும் வேலை ஆகியவற்றின் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடாது. அவ்வளவையும் இரண்டே அலகுகள் சுமக்க வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் பெரியவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனபின் முழு வாடகையையும் தம்பி கட்டுவதுபோலத்தான். ஒப்பந்தம் கரியைத் தர வேண்டும் என்று சொல்லலாம். பழைய விலைக்கே அது கட்டுப்படியாகுமா என்பதைச் சொல்லாது. போதாக்குறைக்கு, விக்டோரியா மாநிலம் 2045க்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்குவதாகச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த ஆண்டுக்குப் பின்னும் இரண்டாண்டு ஓடுவதாக ஒரு பழுப்பு நிலக்கரி நிலையம் எழுதி வைத்திருப்பதை எந்த வங்கியும் நம்பிக் கடன் தராது என்பது என் கணிப்பு.

இரண்டாம் வழி விற்றுவிடுவது. செம்ப்கார்ப் இதற்குப் புதிதன்று. ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த அதன் 2,640 மெகாவாட் நிலக்கரி நிறுவனத்தை, சுமார் 2.1 பில்லியன் வெள்ளிக்கு, ஓமானைச் சேர்ந்த தன்வீர் நிறுவனத்துக்கு 2023 ஜனவரியில் கைமாற்றியது. அந்த விற்பனையில் பணம் உடனே கைக்கு வரவில்லை. வாங்கியவர் தவணையில் செலுத்தும் பத்திரமாகவே அது எழுதப்பட்டது. நிலையங்கள் முன்போலவே ஓடுகின்றன, கரியும் முன்போலவே எரிகிறது. மாறியது எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அந்தப் புகை பதிவாகிறது என்பதுதான். விற்றவரைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தியாவில் மின்தட்டுப்பாட்டுக்கு நடுவே ஓடும் புதிய நிலையங்களை மூடு என்று சிங்கப்பூர்ப் பங்குதாரர் சொல்வது அபத்தமாக இருந்திருக்கும். ஆனால் அந்த வழி லாய் யாங்குக்குப் பொருந்தாது. அங்கே வாங்க வருபவர், மூடும் செலவைக் கணக்கில் சேர்க்காமல் கடைசிச் சொட்டுவரை பிழிந்துவிட்டுப் போக நினைப்பவராகத்தான் இருப்பார்.

இதற்கு நேரெதிரான முன்னுதாரணம் ஒன்றும் உண்டு, அதில் அலிண்டாவே ஒரு பாத்திரம். நியூ சவுத் வேல்ஸில் 1970களின் தொடக்கத்தில் கட்டிய லிடல் நிலையத்தை மூடுவதாக ஏஜிஎல் 2015இல் அறிவித்தது. இன்னும் ஐந்தாண்டு ஓட்டு, இல்லையேல் விற்றுவிடு என்று மத்திய அரசு நெருக்கியது. அலிண்டா 2018 ஏப்ரலில் 250 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளிக்குக் கேட்டது. அடுத்த மாதமே ஏஜிஎல் மறுத்துவிட்டது. அதன்பின் 2022 ஏப்ரலில் ஓர் அலகையும் 2023 ஏப்ரலில் எஞ்சிய மூன்றையும் நிறுத்தியது. விளக்குகள் அணையவில்லை. அந்த வளாகத்திலேயே 500 மெகாவாட் மின்கலத் தொகுதி எழும்பியது. அன்று பழைய நிலையத்தை வாங்கத் துடித்த நிறுவனத்தின் கையில்தான் இன்று லாய் யாங் பி இருக்கிறது என்பது வேடிக்கைதான்.

எரிபொருளை மாற்றும் வழியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. எரிவாயுவுக்கு மாற்றலாம் என்பார்கள். விக்டோரியாவுக்கு எரிவாயு தந்துவந்த பாஸ் நீரிணைக் கிணறுகளே வற்றிக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தின் டிராக்ஸ் நிலையம்போல் மரத்துகளை எரிக்கலாம் என்பார்கள். டிராக்ஸ் அதைக் கடல் கடந்து கப்பல் கப்பலாக இறக்குமதி செய்கிறது, அரசு மானியத்தில் வாழ்கிறது. லாய் யாங் கரியிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து ஜப்பானுக்கு அனுப்பும் முன்னோட்டமும் நடந்தது. 2022 தொடக்கத்தில் ஒரு கப்பல் போய்ச் சேர்ந்ததோடு சரி, 2024இல் ஜப்பானியப் பங்காளி தன் நாட்டு ஹைட்ரஜனை நாடிப் போய்விட்டார்.

நம் நாணய ஆணையம் முன்னின்று வளர்க்கும் இன்னொரு யோசனையையும் சிலர் இங்கே பொருத்திப் பார்க்கிறார்கள். நிலக்கரி நிலையத்தை முன்கூட்டி மூடுவதால் தவிர்க்கப்படும் கரிமத்தைச் சான்றிதழாக்கி விற்று, இழந்த வருமானத்தை ஈடுகட்டுவது அது. பிலிப்பீன்சின் பத்தாங்காஸில் உள்ள 246 மெகாவாட் நிலையமொன்றை வைத்துத்தான் இதற்கான முன்னோட்ட வேலை நடக்கிறது. அந்நிலையம் இளையது, ஓட்டிக்கொண்டே இருக்கப் போதிய காரணம் உள்ளது; அங்கே ஈடு கேட்பதில் பொருள் இருக்கிறது. சுரங்கமும் சந்தையும் சேர்ந்து எப்படியும் மூடவைக்கப்போகும் ஒரு பணக்கார நாட்டு நிலையத்துக்கு அதே சான்றிதழை எழுதினால், திட்டத்தின் மானமே போய்விடும். வேண்டாம்.

எஞ்சுவது, ஏ நிலையத்தோடு சேர்ந்து 2035இல் பி நிலையத்தையும் நிறுத்துவது, அதை இப்போதே அறிவிப்பது. என் மனம் இதன் பக்கம்தான் சாய்கிறது. ஆயினும் இதன் குறைகளையும் மறைக்கக்கூடாது. முதல் குறை பணம். 2035க்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டு வருமானத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். நிலையத்தின் மதிப்பு ஏடுகளில் இறங்கும். எனக்கு வரும் ஈவுத்தொகையும் ஓரளவு குறையலாம். அந்தப் பன்னிரண்டு ஆண்டு வருமானம் ஏட்டில் இருந்ததேயன்றிக் கையில் வரக்கூடியதாக இருந்ததா என்பது மேலே சொன்ன சுரங்கக் கணக்கைப் பொறுத்தது.

இரண்டாம் குறை கனமானது. 1,480 மெகாவாட் யாலோர்ன் நிலையம் 2028இல் மூடுகிறது. அதன்பின் 2035இல் லாய் யாங்கின் ஆறு அலகுகளும் ஒரே ஆண்டில் நின்றால், விக்டோரியாவில் நிலக்கரி மின்சாரமே இராது. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய கிப்ஸ்லாந்துக் கடல் காற்றாலைகளுக்கு 2035க்குள் 4,000 மெகாவாட் என்று மாநில அரசு இலக்கு வைத்திருக்கிறது. வைத்த இலக்கும் நட்ட கம்பமும் ஒன்றல்ல. நியூ சவுத் வேல்ஸில் 2025இல் மூடவிருந்த ஈராரிங் நிலையத்தை, மாற்று வராததால், முதலில் 2027வரை நீட்டித்தார்கள்; நட்டம் வந்தால் அரசும் பங்கேற்பதாக ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. லாய் யாங்கிலும் அதே நாடகம் நடக்கலாம். ஆகவேதான் லிடல் பாணியில் படிப்படியாக நிறுத்துவதே சரி என்று நினைக்கிறேன்: ஓர் அலகை 2033 அளவில் நிறுத்தி, மற்றதை 2035வரை முறையாகப் பராமரித்து, தேவைப்பட்டால் குளிர்கால மாதங்களுக்கு மட்டும் ஓட்டும் கையிருப்பாக வைத்துக்கொள்வது.

முன்கூட்டிச் சொல்வதா, கடைசியில் சொல்வதா என்பதற்கு அந்தப் பள்ளத்தாக்கே இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது. 1,600 மெகாவாட் ஹேசல்வுட் நிலையத்தின் மூடலை 2016 நவம்பரில் அறிவித்து 2017 மார்ச் இறுதியில் நிறுத்திவிட்டார்கள். ஐந்தே மாதம். நூற்றுக்கணக்கான குடும்பங்களில் சம்பளம் நின்றது, மின்விலை துள்ளி ஏறியது. அதற்குப் பின்தான் மூன்றாண்டுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்ற விதியே வந்தது. யாலோர்னின் உரிமையாளரோ 2021 மார்ச்சிலேயே 2028 என்று நாள் குறித்து, பக்கத்தில் 350 மெகாவாட் மின்கலத்தைக் கட்டுவதாகவும் மாநில அரசோடு உடன்பாடு செய்துகொண்டார். வெல்டர் ஒருவர் ஏழாண்டில் வேறொரு தொழிலைக் கற்கலாம். ஐந்து மாதத்தில் வீட்டை விற்கத்தான் முடியும்.

நிலையம் நின்றபின் அங்கே எஞ்சும் மதிப்பு கொதிகலனில் இல்லை, மெல்பர்னை நோக்கிப் போகும் உயரழுத்தக் கம்பிகளில் இருக்கிறது. ஹேசல்வுட் வளாகத்தில் 2023இல் 150 மெகாவாட் மின்கலம் ஓடத் தொடங்கியதற்கு அந்த இணைப்புதான் காரணம். நண்பகலில் சுழியத்துக்குக் கீழே போகும் மின்சாரத்தை வாங்கி மாலையில் விற்பது மின்கலத்தின் தொழில். கொதிகலனுக்கு நட்டம் தரும் அதே நேரம் மின்கலத்துக்கு வரவு தரும் நேரம். ஜூரோங் தீவில் 285 மெகாவாட் மணி கொள்ளும் தொகுதியைக் கட்டி நடத்தும் செம்ப்கார்ப்புக்கு இந்த வேலை தெரியாததன்று. சுரங்கத்தின் நிலைமை வேறு. அந்தப் பெரும்பள்ளத்தை என்ன செய்வது, எந்த ஆற்று நீரால் நிரப்புவது என்பதில் ஹேசல்வுட்டே இன்னும் திணறுகிறது. 2014இல் அங்கே சுரங்கத்தில் பற்றிய தீ 45 நாள் எரிந்து மோர்வெல் நகரத்தைப் புகையில் மூழ்கடித்ததை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. லாய் யாங் சுரங்கத்தின் பொறுப்பு ஏஜிஎல்லுடையது என்றாலும், கடைசியாகக் கரி எடுப்பவர் பி நிலையமாக இருந்தால் அந்தப் பொறுப்பில் எவ்வளவு நகர்ந்து வரும் என்பது வழக்கறிஞர்களுக்கு நல்ல வேலை கொடுக்கும்.

துவாஸின் மேற்குக் கரையில் நின்றால், வானம் தெளிந்த நாளில், ஜோகூர்ப் பக்கம் தஞ்சோங் பின் நிலக்கரி நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நிலக்கரி அடுத்தவர் வீட்டுச் சமாசாரம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். லாய் யாங் பி அப்படியன்று. நம்மில் பலரின் மத்திய சேமநிதி முதலீட்டுக்குள்ளும் அது வந்து உட்காரக்கூடும். ஆகவே பங்குதாரர் கூட்டத்தில் ஒலிவாங்கி என் கைக்கு வந்தால், நிலக்கரி நல்லதா கெட்டதா என்று கேட்கப்போவதில்லை. ஏ நிலையம் 2035இல் மூடியபின் ஒரு டன் கரிக்கு நாம் என்ன விலை கொடுப்போம், அந்த விலை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, எழுதப்படவில்லையென்றால் 2047 என்ற ஆண்டு எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்பேன்.